"இந்த மாடல்ல அது வராது சார்"

கேள்வி: தம்பி, வீரவநல்லூரில் வீட்டு மாடியில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். 2023-இல் பாளையங்கோட்டையில் ஒரு கடையில் பத்தாம் தலைமுறை ஐபேட் வாங்கினேன். அதில் எழுதி டிவியில் காட்டித்தான் பாடம் நடக்கிறது. பெங்களூரில் இருக்கும் மகன் தன்னுடைய இரண்டாம் தலைமுறை ஆப்பிள் பென்சிலைக் கொடுத்துவிட்டுப் போனான். என் ஐபேடில் அது ஒட்டவும் இல்லை, எழுதவும் இல்லை. காற்றாலை வேலையில் இருக்கும் என் தம்பியும் இதே வைஃபை மாடல்தான் வைத்திருக்கிறான். பணகுடிப் பக்கம் எடுத்துக்கொண்டு போனால் மேப்பில் அவன் நிற்கிற இடத்தைக் காட்ட மாட்டேன் என்கிறது. மைத்துனர் பையன் வாங்கிய மலிவு ஆண்ட்ராய்டு டேப்பில் படம் போட்டால் எல்லாம் மங்கல். எதைக் கேட்டாலும் கடையில் ஒரே பதில்: "இந்த மாடல்ல அது வராது சார்." இதை யார் முடிவு செய்கிறார்கள்? நிஜமாகவே முடியாததா, காசு பிடுங்குகிற வேலையா? எனக்கு இன்னொரு டேப் வேண்டும், நாற்பதாயிரத்துக்குள். என்ன வாங்க?

பதில்: அண்ணாச்சி, கடைக்காரரைக் குறை சொல்லாதீர்கள். கம்பெனி அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே அவ்வளவுதான். நான் டேப்லெட் கம்பெனி ஒன்றில் எந்த மாடலில் எதைப் போடுவது என்று திட்டமிடும் பிரிவில் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவன். கம்பெனி பெயர் எதற்கு, எங்கே போனாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். அந்த 'வராது' எப்படிப் பிறக்கிறது என்று முதலில் சொல்கிறேன், வாங்குகிற விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நல்ல டேப்லெட் ஒன்றைச் செய்துவிட்டு, செலவைக் கூட்டிப் பார்த்து, அப்புறம் விலை வைப்பார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். நடப்பது தலைகீழ். ஒரு பெரிய எக்செல் ஷீட் இருக்கும். மேலே வரிசையாக மாடல்கள், இடப்பக்கம் வசதிகள். அதில் முதலில் நிரம்புவது மாடல் பெயருக்குக் கீழே இருக்கும் விலைக் கட்டம். 19,999, 29,999, 39,999 என்று போட்டு வைத்துவிடுவார்கள். டேப் கடைக்கு வர ஒன்றரை, இரண்டு வருடம் இருக்கும்போதே இது முடிந்துவிடும். 39,999 ரூபாய் டேப் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியே ஏறக்குறைய 6,100 ரூபாய் போய்விடும். அப்புறம் கடைக்காரர் பங்கு, டிஸ்ட்ரிபியூட்டர் பங்கு, விளம்பரம், வாரன்டிக்கு ஒதுக்குவது, கம்பெனியின் லாபம். இவ்வளவும் போக மிஞ்சுகிற காசில்தான் பாகங்கள் வாங்க வேண்டும். திரை பெரிய பங்கைத் தின்றுவிடும். சிப்பும் மெமரியும் அடுத்த பங்கை. மிச்சச் சில்லறைக்குத்தான் மீதி எல்லாரும் அடித்துக்கொள்வார்கள்: ஸ்பீக்கர் இரண்டா நாலா, கைரேகை வேண்டுமா, பேனா எழுதுவதற்கான அடுக்கு வேண்டுமா.

அந்த மீட்டிங்கில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. பேனாப் பிரிவுக்காரர் எழுந்து, "இதில் பேனா வைக்க இவ்வளவுதான் செலவு, வைத்துவிடலாம்" என்பார். விற்பனைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்பார்: "இதிலேயே வைத்துவிட்டால் மேல் மாடலை எவன் வாங்குவான்?" அதற்குப் பிறகு அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று விழும். கடையில் நீங்கள் கேட்ட பதில் அங்கே பிறந்ததுதான்.

எல்லா 'இல்லை'யும் அப்படி விழுந்தது கிடையாது. உங்கள் பென்சிலையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தலைமுறைப் பென்சில் ஐபேடின் நீள ஓரத்தில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால்தான் ஐபேடோடு ஜோடி சேரும், சார்ஜும் ஏறும். அதற்கு அந்த ஓரத்தின் உள்ளே ஒரு சார்ஜ் சுருள் இருக்க வேண்டும். 2022 அக்டோபரில் வந்த உங்கள் மாடலில் முன் கேமராவை அதே நீள ஓரத்தின் நடுவுக்கு ஆப்பிள் கொண்டுவந்தது. படுக்கைவாட்டில் வைத்து வீடியோ கால் பேசினால் நம் பார்வை எங்கேயோ கோணலாகப் போவதுபோலத் தெரியாமல் இருக்க அது நல்ல மாற்றம்தான். ஆனால் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா உட்கார்ந்துவிட்டது. அதனால் 2015-இல் வந்த முதல் தலைமுறைப் பென்சிலைத்தான் அந்த மாடலுக்குக் கட்டிவைத்தார்கள். அந்தப் பென்சிலுக்கு லைட்னிங் முனை, உங்கள் ஐபேடுக்கு யுஎஸ்பி-சி துவாரம். இரண்டுக்கும் நடுவே தரகர் மாதிரி ஒரு குட்டி அடாப்டர். இது தொலைந்தால் பென்சில் சார்ஜ் ஏறாது. 2023 நவம்பரில் யுஎஸ்பி-சி பென்சில் வந்த பிறகுதான் அந்தக் கூத்து ஓய்ந்தது.

இதுவரைக்கும் கம்பெனி பக்கம் நியாயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் 2024 மே மாதம் வந்த, எம்4 சிப் உள்ள ஐபேட் ப்ரோவில் கேமராவும் நீள ஓரத்தில், பென்சில் சார்ஜும் அதே ஓரத்தில். உள் அமைப்பை மாற்றி, அதற்கென்று பென்சில் ப்ரோ என்று புதிதாக ஒன்றை விட்டார்கள். இடப் பிரச்சினைக்கு வழி கண்டுபிடித்தாயிற்று. 2025 மார்ச்சில் வந்த, ஏ16 சிப் உள்ள ஐபேடுக்காவது, அதாவது உங்கள் மாடலின் அடுத்த தலைமுறைக்காவது, அது கிடைத்ததா? இல்லை. அதே முதல் தலைமுறைப் பென்சிலும் யுஎஸ்பி-சி பென்சிலும்தான். யுஎஸ்பி-சி பென்சிலில் அழுத்தத்துக்கு ஏற்ப கோடு தடிக்கிற வசதிகூடக் கிடையாது. 2022-இல் இடமில்லை, 2025-இல் மனமில்லை. ஒரே 'இல்லை', காரணம் மட்டும் மாறிவிட்டது. நீங்கள் கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாததும் இதனால்தான்.

உங்கள் தம்பி விஷயம் வேறு. வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையவே கிடையாது. சிம் போடுகிற மாடலில்தான் உண்டு, சிம் சிக்னலைப் பிடிக்கும் மோடத்தோடு சேர்ந்து அது வருவதால். வைஃபை மாடல் என்ன செய்யும்? சுற்றி இருக்கும் வைஃபை ரவுட்டர்களின் அடையாளத்தை வைத்து, 'இவ்வளவு ரவுட்டர் தெரிகிறது, அப்படியென்றால் இன்ன தெரு' என்று ஊகிக்கும். பாளையங்கோட்டையில் வீட்டுக்கு வீடு ரவுட்டர், அதனால் கச்சிதமாகக் காட்டும். கடையில் சோதித்துப் பார்த்தபோதும் சரியாகத்தான் காட்டியிருக்கும். பணகுடிக் காற்றாலைக் காட்டில் எந்த ரவுட்டரைப் பார்த்து அது ஊகிக்கும்? ஆண்ட்ராய்டில் வைஃபை மாடலிலேயே ஜிபிஎஸ் வைத்துத் தருகிற டேப்கள் எத்தனையோ இருக்கின்றன. ஆகவே இதைத் தொழில்நுட்பக் கட்டாயம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கஞ்சத்தனம் என்றுதான் சொல்வேன். புது டேப் எதுவும் வேண்டாம். ஐபேடோடு சேரும் புளூடூத் ஜிபிஎஸ் ரிசீவர் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்கச் சொல்லுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் மேப்புக்கு மட்டும் கையில் இருக்கும் போன் போதும்.

மைத்துனர் பையனின் மங்கலுக்குப் பெயர் வைட்வைன். ஓடிடி கம்பெனிகள் படத்தைப் பூட்டுப் போட்டுத்தான் அனுப்பும். பூட்டைச் சிப்புக்குள் இருக்கும் பத்திரமான அறையில் திறக்கிற டேப்புக்கு எல்1 என்று சான்று. வெறும் சாஃப்ட்வேரில் திறந்தால் எல்3. எல்3 என்றால் திரை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஆப்கள் மட்டமான தரத்தில்தான் படத்தை அனுப்பும். டேப் பெட்டியின் மேல் 'ஃபுல் எச்டி திரை' என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் இந்த எல்3-ஐ ஒரு மூலையில்கூடப் போடுவதில்லை. நீங்கள் கேட்ட மூன்றில் எனக்கு உண்மையாகவே கோபம் வருவது இதில்தான். இல்லாததைக் கொடுக்காதது வியாபாரம், இல்லை என்பதையே மறைப்பது வேறு. டிஆர்எம் இன்ஃபோ என்று ஒரு சின்ன ஆப் இருக்கிறது. கடையிலேயே டெமோ டேப்பில் அதைப் போட்டுப் பார்த்தால் எல்1-ஆ எல்3-ஆ என்று சொல்லிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், அண்ணாச்சி. 'முடியாது' என்று கம்பெனி சொன்னது பின்னால் என்ன ஆனது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2022 ஜூனில் ஆப்பிள், ஐபேடில் பல ஆப்களை ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும் ஸ்டேஜ் மேனேஜரை அறிவித்தது. எம்1 சிப் உள்ள ஐபேடில் மட்டும்தான் ஓடும், மெமரியும் வேகமான சேமிப்பும் அதற்குத் தேவை என்றார்கள். 2018-லும் 2020-லும் ஐபேட் ப்ரோ வாங்கினவர்கள் கொதித்துப்போனார்கள். செப்டம்பரில் அந்த இரண்டுக்கும் தருவதாக அறிவித்துவிட்டார்கள், வெளித்திரை இணைப்பு மட்டும் இல்லாமல். இதில் வேடிக்கை என்னவென்றால், சேமிப்பிலிருந்து மெமரியைக் கடன் வாங்கும் ஏற்பாட்டைப் பெரிய காரணமாகச் சொன்னார்களே, அந்த ஏற்பாடே 64 ஜிபி ஐபேட் ஏர் 5-இல் கிடையாது. ஆனாலும் அதற்கு முதல் நாளிலிருந்தே ஸ்டேஜ் மேனேஜர் உண்டு. 2025-இல் ஐபேட்ஓஎஸ் 26 வந்தபோது ஜன்னல் வசதி 2020-இல் விற்ற எட்டாம் தலைமுறை ஐபேட் வரைக்கும் இறங்கிவிட்டது. அதில் ரேம், அதாவது மேலே சொன்ன மெமரி, 3 ஜிபிதான். உங்கள் பத்தாம் தலைமுறையிலும் இப்போது ஓடும், அப்டேட் போட்டுப் பாருங்கள்.

அப்படியானால் 2022-இல் சொன்னது பொய்யா? முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். டெஸ்டிங் அறையை நேரில் பார்த்தால் உங்களுக்கே புரியும். நீளமான மேசை, சார்ஜில் கிடக்கும் டேப்கள், ஒவ்வொன்றின் முதுகிலும் மாடல் எண் எழுதிய ஸ்டிக்கர். ஒரு வசதியை ஒரு பழைய மாடலுக்குக் கூடுதலாகக் கொடுப்பதென்றால் அந்த மாடலின் ஒவ்வொரு ரேம் அளவுக்கும், ஒவ்வொரு சேமிப்பு அளவுக்கும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும். சூடாகிறதா, பேட்டரி இறங்குகிறதா, பழைய ஆப் ஏதாவது நின்றுபோகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த மாடலைச் செய்த ஆட்கள் எப்போதோ அடுத்த மாடலுக்குப் போயிருப்பார்கள். இதற்கெல்லாம் ஆள் போட மனமில்லாதபோது, 'அனுபவம் நன்றாக இருக்காது' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். சிப்பால் முடியும், கம்பெனி அதற்குச் செலவழிக்கத் தயாரில்லை, அவ்வளவுதான்.

ஏஐ வசதி மட்டும் இந்தக் கணக்கில் சேராது. ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் ஓட ஏ17 ப்ரோ அல்லது எம்1 சிப், அதற்கு மேல் வேண்டும். டேப்புக்குள்ளேயே ஓடும் அந்த ஏஐ மென்பொருளில், மொழி மாடல் என்பார்கள், சுமார் 300 கோடி எண்கள். அவ்வளவும் ரேமில் உட்கார வேண்டும், நீங்கள் திறந்து வைத்த ஆப்களும் கூடவே இருக்க வேண்டும். 8 ஜிபி ரேமில் அடங்கும், ஏ16 ஐபேடின் 6 ஜிபியில் நெருக்கடி. இங்கே 'முடியாது' என்பது நியாயமான பதில். ஆனால் அந்த ஐபேட் 2025 மார்ச்சில் வந்தது. ஏஐ அறிவிப்பு வந்தது 2024 ஜூனில். தங்கள் புது வசதி ஓடாது என்று தெரிந்தேதான் அந்தச் சிப்பை அந்த மாடலில் வைத்தார்கள், விலைக் கட்டம் அதற்கு மேல் இடம் கொடுக்கவில்லை.

அந்த ஏ16-இலும் ஒரு சங்கதி. சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிக்குக் கோர் என்று பெயர். ஐபோனில் வந்தபோது அதற்கு 6 சிபியு கோர், ஐபேடில் வரும்போது 5. சிப்பைத் தட்டாகச் சுட்டு வெட்டும்போது சிலவற்றில் ஏதோ ஒரு கோர் பழுதாகியிருக்கும். தூக்கிப் போடாமல், அந்தக் கோரை மட்டும் அணைத்துவிட்டு விலை குறைந்த மாடலுக்கு அனுப்புவது இந்தத் தொழிலில் வழக்கம். இது வீணாக்காத நல்ல பழக்கம் என்பேன். ஆனால் பழுதில்லாத கோரையும் சில நேரம் அணைத்து வைப்பார்கள். 2018 ஐபேட் ப்ரோவின் ஏ12எக்ஸில் 7 கிராஃபிக்ஸ் கோர், 2020 ப்ரோவின் ஏ12இஸட்டில் 8. உள்ளே திறந்து பார்த்தவர்கள் சொன்னது, இரண்டும் ஒரே சிப்தான், எட்டாவது கோர் முதலிலிருந்தே உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது.

தூங்க வைப்பது ஆப்பிள் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1990-இல் ஐபிஎம் ஒரு மலிவு லேசர் பிரின்டர் விட்டது. நிமிடத்துக்கு 10 பக்கம் அடிக்கிற அதே பிரின்டரை, நடுநடுவே காத்திருக்கச் சொல்லும் கூடுதல் வேலையைச் செய்து, 5 பக்கம் அடிக்கிற மாதிரி ஆக்கினார்கள். மெதுவாக்குவதற்கே தனிச் செலவு! மறு வருடம் இன்டெல் தன் 486 சிப்பில் கணக்குப் போடும் பகுதியை அணைத்துவிட்டு மலிவாக விற்றது. இன்னும் பின்னால் போனால் 1849-இல் ஜூல் துப்யூயி என்ற பிரெஞ்சு இன்ஜினியர் ரயிலைப் பற்றி இதையே எழுதியிருக்கிறார். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாமல் விடுவது கூரைச் செலவுக்குப் பயந்து இல்லையாம். இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க முடிந்தவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பதற்காகத்தானாம். ஏழையை நனைய வைப்பது பணக்காரனைப் பயமுறுத்துவதற்கு.

நம் பத்தமடையில் முரட்டுப் பாய்க்கும் பட்டுப் பாய்க்கும் விலை மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது, ஆனால் அந்த வித்தியாசம் முழுக்கக் கோரையை நுணுக்கமாகக் கிழிக்கிற கையிலும் தறியில் போகிற நாளிலும் இருக்கிறது. பட்டுப் பாயை நெய்து முடித்து, ஓரத்தைப் பிய்த்துச் சாதாப் பாய் விலைக்கு விற்கிறவர் அங்கே யாரும் இல்லை. டேப்லெட் தொழிலில் அப்படி விற்கிறவர் உண்டு, அதுவும் லாபத்தோடு.

அப்பட்டமாகத் தெரிகிற ஒன்றைச் சொல்லட்டுமா? எம்4 ஐபேட் ப்ரோவில் வெளிச்சம் பிரதிபலிக்காத நானோ டெக்ஸ்சர் கண்ணாடி வேண்டுமென்றால் 1 டிபி அல்லது 2 டிபி சேமிப்பு உள்ள மாடல்தான் வாங்க வேண்டியிருந்தது. சேமிப்புக்கும் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போடுகிற முடிச்சுதான். 9 கோர், 8 ஜிபி ரேம் உள்ள சின்ன மாடல் எது, 10 கோர், 16 ஜிபி உள்ளது எது என்பதையும் அதே சேமிப்புதான் தீர்மானித்தது.

ஆக, உங்கள் கேள்விக்கு என் தீர்ப்பு: பாதி நிஜம், பாதி வேலி, அதாவது மேல் மாடலைக் காக்கக் கம்பெனியே போட்ட தடுப்பு. ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாங்கும்போது இல்லாத வசதியை விலை பேசி யாரும் விற்கவில்லை. எது நிஜம், எது வேலி என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க, அதே கம்பெனியின் அதே சிப் இன்னொரு மாடலில் அந்த வேலையைச் செய்கிறதா என்று பாருங்கள். செய்தால் வேலி. ஒரு நாள் அப்டேட்டில் அது திறக்கக்கூடும். ஆனால் திறக்கும் என்று நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள். இன்று கடையில் என்ன செய்கிறதோ அதற்கு மட்டும் விலை கொடுங்கள். சில குறைக்கு டேப் கம்பெனியே காரணம் கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். ஐபேடுக்கு வாட்ஸ்அப் 2025 மே மாதம்தான் வந்தது, அது வாட்ஸ்அப்காரர்கள் போட்ட தாமதம்.

சரி, வாங்குகிற விஷயம். ஏ16 ஐபேடின் அறிமுக விலை 34,900, யுஎஸ்பி-சி பென்சில் 7,900. கூட்டினால் 42,800, உங்கள் கணக்கைத் தாண்டுகிறது. சலுகை நாளில் கொஞ்சம் இறங்கலாம். ஆனால் உங்கள் கையில் இரண்டாம் தலைமுறைப் பென்சில் சும்மா கிடக்கிறதே! அது ஒட்டுகிற ஐபேடாகப் பார்த்து வாங்குவதுதான் புத்தி: ஏர் 4, ஏர் 5, மினி 6, இல்லையென்றால் 2018 முதல் 2022 வரை வந்த ப்ரோ. என் ஓட்டு செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் பழைய ஏர் 5-க்கு. எம்1 சிப், 8 ஜிபி ரேம், ஏஐ ஓடும். அதோடு டிவியை இரண்டாவது திரையாக வைக்கலாம். டிவியில் கேள்வி, உங்கள் கையில் விடை. இப்போது இருக்கும் ஐபேடில் அது இல்லை, நீங்கள் பார்ப்பதையே டிவியும் காட்டும்.

ஆப்பிளே வேண்டாம் என்றால் சாம்சங் டேப் எஸ் வரிசை. எஸ் பென் பெட்டிக்குள்ளேயே வரும், எழுதுவதற்கு அந்தப் பேனாவில் பேட்டரி தேவையில்லை, திரைக்கு அடியில் இருக்கும் அடுக்கிலிருந்தே சக்தி எடுத்துக்கொள்ளும். சில பழைய மாடல்களைத் தவிர டேப் ஏ வரிசையில் அந்த அடுக்கு இல்லை. அதில் எஸ் பென் எழுதாதது நிஜமான 'முடியாது', தனியாகப் பேனா வாங்கி முயன்று பார்க்க வேண்டாம்.

பழைய ஏர் 5 பார்க்கப் போனால் மகனின் பென்சிலைக் கையோடு கொண்டுபோய் ஒட்டிப் பாருங்கள், திரையில் சார்ஜ் சதவீதம் காட்ட வேண்டும். செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் பக்கத்தைத் தேடாதீர்கள். 2024 மே முதல் வந்த ஐபேடுகளுக்குத்தான் அந்தப் பக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள், இதுவும் ஒரு வேலி. அதற்குப் பதிலாக வெளிச்சத்தை முழுசாக வைத்து அரை மணி நேரம் வீடியோ ஓடவிட்டு எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று பாருங்கள். விற்கிறவர் உங்கள் கண் முன்னாலேயே தன் ஆப்பிள் ஐடியிலிருந்து வெளியேறி, ஐபேடை முழுசாக அழித்துக் கொடுக்க வேண்டும். 'அப்புறம் போன்ல சொல்லித் தாரேன் அண்ணாச்சி' என்றால் காசைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுங்கள்.